ஒரு முழம் மண்

எங்க ஊரு மண்ணு எங்க ஆளுக கை கால்ல ஒட்டுறத நிறுத்துனது ஒரு ஆடி மாசம் செவ்வாக்கிழமை, கோழி கூப்பிட்டு ஒரு நாழி கழிச்சு. இத இவ்வளவு சுத்தமா நான் சொல்லக் காரணம், மொதல்ல பாத்தவ நான்தான். என் பத்து சென்ட் கனகாம்பரக் காட்டுல களை பிடுங்கிக்கிட்டு இருந்தேன், பிடுங்குன கோரையோட வேரப் பாத்தா கழுவி எடுத்த மாதிரி வெள்ளையா இருக்கு, என் கையப் பாத்தா கல்யாணப் பந்தியில உக்காரப் போறவ கை மாதிரி இருக்கு, பாதத்துல ஒரு பொட்டு தூசி கெடயாது. சரி, நமக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சுன்னு முந்தானையால தொடச்சிட்டுத் திரும்பவும் குனிஞ்சு களையப் பிடுங்குனேன்.

எம் பேரு முப்பிடாதி. வேப்பஞ்செவல் பஸ் ஸ்டாப்புல முப்பது வருசமாக் கனகாம்பரம் கட்டி முழம் போட்டு விக்குதேன். புருசன் இல்ல, பிள்ளை இல்ல, அந்தப் பத்து சென்ட்ல நிக்க நூத்தியிருவது செடிதான் எனக்குச் சோறு, துணி, மருந்து எல்லாம். அது போனா நான் போனேன். இத மொதல்லயே சொல்லிட்டேன், பொறவு அந்தக் கோட்டிக்காரி எதுக்கு இந்தக் குதி குதிச்சான்னு கேக்கப்பிடாது, பாத்துக்கிடுங்க.

ஊரு என்ன செஞ்சுதுன்னு கேக்கியளா? சந்தோசப்பட்டுது. வெள்ளை வேட்டி கட்டி உழப்போனவன் வெள்ளை வேட்டியோட திரும்பி வந்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக புழுதியில பொரண்டுட்டு இஸ்திரி போட்ட சட்டையோட எந்திரிச்சு வந்துதுக, துவைக்க வேலை இல்ல, வாசல் கூட்ட வேலை இல்ல, சைக்கிள்ல சோப்பு விக்க வாரவன் ரெண்டு வாரம் கூவிப் பாத்துட்டு, "உங்க ஊருக்கு என்னமோ ஆயிட்டுக்கா"ன்னுட்டுப் பக்கத்தூருக்குப் போயிட்டான். நெலக்கடலை பிடுங்குனா அலசி எடுத்த மாதிரி வந்துது, யாவாரி இன்னும் ரெண்டு மூடை இருக்கான்னு கேட்டான். பழைய பிரசிடெண்டு ஆவுடையப்பன் அண்ணாச்சி, காது வரைக்கும் மீசை வச்சிருக்கிறவரு, மொபெட்டுல வந்து வாய்க்கா மேட்டுல குப்புற விழுந்தாரு. தூக்கப் போனவங்களத் தள்ளிவிட்டுத் தானே எந்திரிச்சு, மீசையத் தடவிக் காமிச்சு, "பாத்தியளால, மண்ணு ஒட்டலை"ன்னாரு. ஊரே சிரிச்சுது. அதுவரைக்கும் சொலவடையாச் சொன்னத மனுசன் நேர்ல நடத்திக் காமிச்சாரே!

இந்தச் சிரிப்பு எத்தனை நாளைக்கு? மண்ணு ஆளு மேல மட்டுமா ஒட்டாமப் போச்சு, ஆளு நட்டதோட வேரு மேலயும்தான் ஒட்டலை. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாவ, எங்க ஊர்ல அம்மி பறக்கலை, காடு பறந்துது. ஆடு ஒரு தும்மல் போட்டா கத்தரிச்செடி சாஞ்சுது, தண்ணி பாய்ச்சுனா தண்ணி ஒரு பக்கம் ஓடுது, மண்ணு ஒரு பக்கம் ஓடுது, ரெண்டும் முகங்குடுத்துப் பேசிக்கிடல. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண்ணப் பிசைஞ்சாப் பிள்ளையாருக்குத் தொந்தி நிக்க மாட்டேங்குது.

இதுக்கெல்லாம் எங்க ஆளுக வழி கண்டுபிடிச்சாவ, அதச் சொல்லணும். செடிக்குச் செடி குச்சி ஊணி நூலால கெட்டுனாவ, பிள்ளையார டவுன்ல போயி அட்டைப் பெட்டியோட வாங்கியாந்தாவ. ஆவணியில கோமதிநாயகம் சித்தப்பா செத்தப்போ, குழியில ஆளுக்கு ஒரு பிடி மண்ணு போடணும்லா, எவன் அள்ளுனாலும் விரலிடுக்குல ஒழுகிப் போகுது, மூடுன கையையும் மீறி ஒழுகுது. பெத்த மகன் வெறுங்கையக் குழிக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கான். ஒருத்தன் ஓடிப்போயி டீக்கடையில இருந்து டம்ளர் கொண்டாந்தான். அன்னையில இருந்து எங்க ஊர்ல சாவுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் மண்ணு. அடுத்த சாவுக்கு யாரும் கேள்வி கேக்கலை, வரும்போதே வீட்ல இருந்து டம்ளர் எடுத்துக்கிட்டு வந்தாவ. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. ஏன் ஒட்டலைன்னு கேக்க ஒரு நாதி இல்ல, ஒட்டாமப் பொழைக்க ஆயிரம் வழி!

வெவசாய ஆபீசர் ஒருத்தர் வந்தாரு. குனிஞ்சு ஒரு பிடி அள்ளுனாரு, அவரு கையில ஜம்முனு ஒட்டுது. கசக்கிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு, "மண்ணு மேல ஒரு குத்தமும் இல்லம்மா, உங்க ஆளுகளத்தான் டெஸ்ட் எடுக்கணும்"னு வெளையாட்டாச் சொல்லிட்டுக் கையக் கழுவிட்டு ஜீப்புல ஏறிட்டாரு. எல்லாரும் சிரிச்சாவ. எனக்கு மட்டும் சிரிப்பு வரலை. ஏன் ஒட்டலைன்னு எனக்குத் தெரியும்லா.

ஒட்டாமப் போறதுக்கு மூணு மாசம் முந்தி, அந்த வருசம் சித்திரையில செங்கல் சூளைக்காரன் பொன்பாண்டி ஊருக்குள்ள வந்தான், கூட்டியாந்தது ஆவுடையப்பன் அண்ணாச்சி. "மேல் மண்ணு செத்த மண்ணு, அத நான் எடுத்துக்கிடுதேன், கீழ புது மண்ணு கன்னி கழியாமக் கெடக்கு, அதுல விதைச்சாப் பொன்னு வெளையும்"னான். செத்த மண்ணுன்னு அவன் சொன்னது பாதி நெசம், அதக் கொன்னது நாங்கதான். முன்னெல்லாம் அறுப்பு முடிஞ்சா ஆட்டுக்காரன் கெடை போடுவான், ராத்திரி ஆட்டை வயல்ல அடைச்சா அதுக போடுற புழுக்கையும் மோத்திரமும் மண்ணுக்குச் சோறு. கெடைக்குக் கூலி குடுக்க வலிச்சு மூடை உரத்தக் கொட்டுனோம், தட்டையத் தீ வச்சுக் கொளுத்துனோம், காத்தத் தடுத்த உடைமரத்த வெட்டிக் கரிமூட்டம் போட்டோம், ஆளுக்கு ஒரு போர் போட்டு உப்புத்தண்ணிய மேல கொண்டாந்து ஊத்துனோம். மண்ணு வாயத் தொறந்து கேக்கலை, நாங்களும் சொல்லலை.

எவ்வளவு ஆழம் எடுப்பன்னு பேச்சு வந்துது. ஒருத்தன் ஒரு சாண்ங்கான், ஒருத்தன் ரெண்டு அடிங்கான், சத்தம் கூடிப்போச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம், இருந்தேனா? எந்திரிச்சு நின்னு, "அடி கிடியெல்லாம் டேப் வச்சிருக்கிறவன் ஏமாத்துவான், ஒரு முழம்னு எழுதுங்க, முழத்துல எவனும் என்னைய ஏமாத்த முடியாது"ன்னேன். அது நெசந்தான், முழத்துல எல்லாரையும் ஏமாத்துனவ நான்தான. என் கையே குட்டை, அதுலயும் விரலை மடக்கி மொளியில இருந்து முழங்கைக்கு அளப்பேன், முப்பது வருசமா வேப்பஞ்செவல் பொம்பளைக தலையில வச்சதெல்லாம் முக்கா முழம். ஊரு கைதட்டுச்சு, பேப்பர்ல "ஒரு முழம் ஆழம்"னு எழுதி நாப்பத்தெட்டுக் குடும்பமும் கைநாட்டு வச்சோம், எல்லா மண்ணுலயும் ஒரு முழம், என் பத்து சென்ட்டும் சேத்து. வீட்டுக்கு ஆயிரம் செங்கல் இனாம்னான், எங்க மண்ண எங்களுக்கே சுட்டுக் குடுத்தான். நானும் அதுல குளிக்க ஒரு ரூம்பு கட்டுனேன்.

மிசின் வந்துது. மொத நாளே ரெண்டாள் ஆழம் தோண்டிட்டான். நாங்க ஓடிப்போயி வரப்புல நின்னு கத்துனோம், பொன்பாண்டி கொஞ்சங்கூடப் பதறலை, ஜேசிபி கையத் தட்டிக் காமிச்சான். "முழம்னா என்னக்கா? முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும். இந்தா முழங்கை மடங்குது, இந்தா விரலு, அஞ்சு இருக்கு, எண்ணிக்கிடுங்க. யாரு முழம்னு பேப்பர்ல இருக்கா? அளக்கிறவன் முழம்தான முழம், நீங்க பூ விக்கும்போது வாங்குறவ கையிலயா அளக்கிய?"

அய்யோ, அந்தச் சிரிப்பு! வயித்தெரிச்சல்ல நின்ன அம்புட்டுப் பேரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாவ, என்னையப் பாத்துத்தான். அத்தோட கோவம் போயிட்டு. காடு காடாத் தோண்டிக்கிட்டே வந்தான், அவன் பாதிக் காட்டத் தாண்டுன நேரத்துலதான் மண்ணு எங்க மேல ஒட்டுறத நிறுத்துச்சு. எங்க மேலதான், அவன் மேல இல்ல. அவன் அள்ளுனா ஒட்டுது, "பாருங்கக்கா"ன்னு உள்ளங்கைய விரிச்சுக் காமிக்கான். அவன் மண்ணுக்கு என்னைக்கு ஒறவு கொண்டாடுனான், அவன் மேல அதுக்கு என்ன கோவம் இருக்கும்? கோவம் ஒறவுக்காரன் மேலதான வரும்.

புரட்டாசி பொறக்கையில என் பத்து சென்ட்டத் தவிர எல்லாம் குழி. சுத்தி ரெண்டாள் பள்ளம், நடுவுல என் காடு மட்டும் பலகை மாதிரி ஒசந்து நிக்கு, ஒரு ஓரம் சரிச்சு விட்ட பாதையில ஏறித்தான் போவேன். ஆவுடையப்பன் அண்ணாச்சி கீழ நின்னுக்கிட்டு, "ஏ முப்பிடாதி, வெள்ளிக்கிழமை மிசின் வருது, செடியப் பிடுங்கிக்கோ"ன்னாரு.

"பிடுங்கி எங்கன வைக்க, உங்க மீசையிலயா?"ன்னேன்.

"என் மேல பாயாத. நான் ஆளக் கூட்டியாந்தேன், அவ்வளவுதான். தோண்டுனது அவன், முழம்னு சொன்னது நீ, கைநாட்டு வச்சது ஊரு."

குப்புற விழுந்தவரு, இன்னும் ஒட்டலை பாத்தியளா.

எனக்கு ஒரே ஒரு வழி இருந்துது. எங்க ஊர்ல வயிறெரிஞ்ச பொம்பள ஒருத்தி தன் நெலத்துல நின்னு, கையால மண்ண வாரி, இன்னாரு மண்ணாப் போவன்னு தூத்திட்டாள்னா, அடுத்த மழை பெய்யுற வரைக்கும் அந்த நெலத்துல எவனும் இரும்பு வைக்க மாட்டான். சுத்துப்பட்டுல எல்லா ஊருக்கும் இந்த வழக்கம் தெரியும், மிசின் ஓட்டுறவனும் பக்கத்தூருக்காரன்தான். ஆனா தூத்தணும்னா ஒரு பிடி மண்ணு கையில நிக்கணுமே! சாபம் குடுக்கக்கூட வக்கில்லாதவளா ஆக்கிட்டு எங்க மண்ணு.

மூணு நாள் மல்லுக்கட்டுனேன். வேலம்பிசினக் கையில தடவி அள்ளுனேன், பிசின் இருக்கு, மண்ணு இல்ல. கஞ்சியத் தடவுனேன், விளக்கெண்ணெயத் தடவுனேன், ஈரத்துணியச் சுத்திப் பாத்தேன். என் மதினி உலகம்மா வரப்புல நின்னு பாத்துட்டு, "ஒரு தாம்பாளத்துல அள்ளித் தூத்தேன்"ன்னா.

"தாம்பாளத்துல வச்சுக் குடுத்தா அது சாபமா மதினி, சீர்வரிசையா?"ன்னு கத்துனேன். அவ சிரிச்சா, நான் அழுதேன். நூத்தியிருவது செடியும் நூல்ல தொங்கிக்கிட்டு நிக்கு, வேரெல்லாம் வெளிய தெரியுது.

வெள்ளிக்கிழமை காலைல மிசின் அந்தச் சரிவுல ஏறி வந்துது, ஓட்டுனது சொரிமுத்து, முப்பது வயசிருக்கும். பின்னால பொன்பாண்டி, அவன் பின்னால ஆவுடையப்பன் அண்ணாச்சி, கீழ குழியைச் சுத்தி ஊரு. வேடிக்கைன்னா எங்க ஆளுக சோத்துக் கைய ஒதறிட்டு வந்துருவாவ. நான் செடிகளுக்கு முன்னால நின்னேன், தலைய விரிச்சுப் போட்டேன், குனிஞ்சு வாரிக்கிட்டு, "ஏ பொன்பாண்டி, நீ மண்ணாப்..." ன்னு கையத் தூக்குனேன். வெறுங்கை. கீழ ஒருத்தன், "ஒண்ணாம் பிடி"ன்னான். திரும்பக் குனிஞ்சு, "ஏ ஆவுடையப்பா..." ன்னு தூக்குனேன். வெறுங்கை. "ரெண்டாம் பிடி! முப்பிடாதிக்கு இன்னும் ஒரு பிடி இருக்குடே!"ன்னு கூவுறான், எல்லாரும் சிரிக்காவ, பெத்த ஊரு சிரிக்கி. பொன்பாண்டி மணிக்கட்டுல கடிகாரத்தப் பாக்கான்.

எனக்கு அப்ப வந்த கோவம் அவன் மேல இல்ல, சத்தியமாச் சொல்லுதேன், நான் ஒண்ணும் யோசிச்சுச் செய்யலை. இந்த வாயி அன்னைக்குச் சும்மா கெடந்திருந்தா என்னங்கிற ஆத்தாமையில, "முழம்னு சொன்ன என் வாயி மண்ணாப் போவ! ஊர மடக்கி அளந்த என் கை மண்ணாப் போவ! வேற எவளும் இல்ல, நான்தான், இந்த முப்பிடாதிதான், நான் மண்ணாப் போவ!"ன்னு கத்திக்கிட்டுக் கீழ உக்காந்து தரைய அடிச்சேன். கை கனத்துது. பாத்தா, மூடுன கைக்குள்ள மண்ணு. ஈரமா, செவேல்னு, நகத்துக்குள்ள ஏறி, ரேகைக்குள்ள ஏறி, எத்தனை மாசங் கழிச்சு. எனக்கு அதத் தூத்த மனசு வரலை. ஆனாலும் தூத்துனேன், என் தலையிலயே.

 மண்ணு என் முடியில, நெத்தியில, இமையில ஒட்டிக்கிட்டு நிக்கு.

சொரிமுத்து சாவியத் திருகி மிசின அமத்துனான். எறங்கி, செருப்பக் கழத்திக் கையில எடுத்துக்கிட்டான்.

"ஏல, எங்க போற, ஏறுல!"ன்னான் பொன்பாண்டி.

"மண்ணு விழுந்துட்டு அண்ணாச்சி. பெரியம்மா யாரு பேரச் சொன்னா என்ன, விழுந்துது விழுந்துதுதான். இனி மழை பேஞ்சாத்தான் இங்கன இரும்பு"ன்னுட்டு அவன் பாட்டுக்குச் சரிவுல எறங்கிப் போயிட்டான். பொன்பாண்டி வேற டிரைவருக்குப் போன் போட்டான், ஏழு பேருக்குப் போட்டான், ஏழு பேரும் மழை வரட்டும்னாவ.

மறுநா காலைல செடிகளப் பாத்தேன், வேரெல்லாம் மண்ணுக்குள்ள போயிருந்துது. நூலையெல்லாம் அறுத்துவிட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல விரலை நீட்டி முழம் போட்டேன், வாங்குறவளுக்கு நம்பிக்கை வராம இன்னொரு தடவை அளக்கச் சொன்னா.

பொறவு ஊரு வந்துது. "எங்களுக்கும் ஒட்ட வை முப்பிடாதி, குழிக்குள்ள கெடக்க அடிமண்ணாச்சும் எங்களுக்கு நிக்கட்டும்"னு ஒவ்வொருத்தனா வந்தான். நான் என்ன மந்திரமா வச்சிருக்கேன்? "குனிஞ்சு உன் பேரச் சொல்லுல"ன்னேன். குனியுதான், வாயத் தொறக்கான், வருது பாருங்க: ஒருத்தன் பொன்பாண்டிங்கான், ஒருத்தன் என் தம்பிதான் கைநாட்டு வைக்கச் சொன்னாங்கான், ஒருத்தன் கெவர்மெண்டுங்கான், ஒருத்தன் உரக்கடைக்காரங்கான், என் மதினி உலகம்மா காலங் கெட்டுப்போச்சுங்கா. காலத்துக்கு எங்கன கை இருக்கு மண்ணு ஒட்ட? ஒருத்தன் தன் பேரச் சரியாத்தான் சொன்னான், ஆனா "என்னையும் சேத்து எல்லாரும்"னான். மண்ணு அதுக்கும் மசியலை. வெறுங்கையோட எந்திரிச்சு, "இவ என்னமோ தனக்கு மட்டும் செஞ்சுக்கிட்டா"ன்னு என்னைய வஞ்சுக்கிட்டே போறானுவ. தலைதலையா அடிச்சுக்கிட்டேன், அடிச்ச எடத்துல மண்ணுதான் உதுந்துது.

ஐப்பசி பொறந்துட்டு. இப்ப என் பாடு கேளுங்க. மழை வந்தா என் சாபம் தீந்துரும், பொன்பாண்டி மிசினக் கொண்டாந்து நிப்பாட்டிருவான். அது மட்டுமா, சுத்திக் குழியில கெடக்கது எல்லாம் ஒட்டாத மண்ணு, ஒரு பெருமழைக்குத் தாங்குமா, அம்புட்டும் ஓடைக்குப் போயி கடலுக்குப் போயிரும், பொறவு பாறைதான். வெவசாயி ஊர்ல பொறந்துட்டு மழை வராதன்னு சாமி கும்புடுதேன். இந்தக் கேவலம் யாருக்கும் வரப்பிடாது.

இன்னைக்கு உச்சி வெயில்ல என் காட்டு ஓரத்துல உக்காந்து பூக் கட்டிக்கிட்டு இருந்தேன். ஆவுடையப்பன் அண்ணாச்சி குழிக்குள்ள தன் காடு கெடந்த எடத்துல தனியா நிக்காரு. குனிஞ்சாரு, பொன்பாண்டி பேரச் சொன்னாரு, கைய ஒதறுனாரு. என் பேரச் சொன்னாரு, ஊரு பேரச் சொன்னாரு, செத்துப்போன அவுக அப்பா பேரச் சொன்னாரு, கைய ஒதறிக்கிட்டே நின்னாரு. ஏறி வரத் திரும்புனவருக்குக் கால் சறுக்கிட்டு. குப்புற விழுந்தாரு, அன்னைக்கு விழுந்த அதே மாதிரி. நான் கூப்பிட வாயத் தொறந்தேன், ஆனா அவரு எந்திரிக்கலை. மூஞ்சிய மண்ணுல வச்சுக்கிட்டே என்னமோ சொல்லுதாரு, ரொம்ப நேரம் சொல்லுதாரு, எனக்குக் கேக்கலை.

பைய எந்திரிச்சாரு. பழக்க தோசத்துல கை மீசைக்குப் போச்சு. அங்கனயே நின்னுட்டு. மீசை அம்புட்டும் செவப்பு. தொடைக்கலை. அண்ணாந்து என்னையப் பாத்தாரு, நான் சிரிக்கலை, சத்தியமா சிரிக்கலை.

நாப்பத்தெட்டுல ரெண்டு போச்சு, மிச்சம் நாப்பத்தாறு. மேக்க வானம் கருத்துக்கிட்டு வருது, காத்துல ஈரம் அடிக்கி. வெரசா வந்து குனிஞ்சு தொலைங்களேம்ல, சவத்துப்பயலுவளா!